பக்கவாத்தியம் தோற்றவர்களின் தொழிலா?

மங்கலம்பேட்டையில் தொடங்கி விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று சிதம்பரம் வரைக்கும் ஊர்த் திருவிழா நோட்டீஸ்களைப் புரட்டிப் பாருங்கள். இசைக் கச்சேரிக்கு ஒரு நாள் ஒதுக்கியிருந்தால் பாடுகிறவரின் பெயர் பெரும்பாலும் பட்டங்களோடும் படத்தோடும் கொட்டை எழுத்தில் இருக்கும். வயலினும் மிருதங்கமும் கடமும் வாசிக்கிறவர்கள் அடியில் பொடி எழுத்தில் இருப்பார்கள். இடம் போதாவிட்டால் மூவரும் சேர்ந்து 'குழுவினர்' ஆகிவிடுவார்கள். அச்சகத்தின் இடநெருக்கடி என்று இதைத் தள்ளிவிட முடியாது. நகரத்துச் சபா அழைப்பிதழிலும் இதே கணக்குதான். பத்திரிகை விமர்சனத்தில் பாடகரைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதிவிட்டு, பக்கவாத்தியத்துக்குக் கடைசியில் 'உறுதுணையாக இருந்தனர்' என்று ஒரு வரி போட்டு முடிப்பார்கள். இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் வெளிப்படையாகச் சொல்லப்படாத, ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு கருத்து இருக்கிறது. தனியாக மேடையை நிறைக்கத் திறமை உள்ளவர் தனிக்கச்சேரி செய்வார். அது வாய்க்காதவர் இன்னொருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பார் என்பதே அது. பிள்ளையை வயலின் வகுப்பில் சேர்க்கிற பெற்றோர் முதல் விருதுக் குழுக்கள் வரை இதை நம்புகிறார்கள். பக்கவாத்தியக்காரர்களிலேயே பலர் நம்புகிறார்கள் என்பதுதான் வருத்தம். இந்தக் கருத்து தவறு; இசையின் வரலாறும் கச்சேரி நடக்கும் விதமும் இதற்கு நேர் எதிராகவே இருக்கின்றன.

முதலில் மேடையில் உண்மையில் என்ன வேலை நடக்கிறது என்று பார்ப்போம். கர்நாடகக் கச்சேரியில் ஒத்திகை வழக்கமில்லை. எந்த உருப்படிகள் பாடப்படும் என்பதே பல நேரங்களில் வயலின்காரருக்கு மேடையில்தான் தெரியவரும். நேற்று ஒரு கட்டையில் பாடும் ஆண்குரலுக்கு வாசித்தவர் இன்று ஐந்து கட்டைப் பெண்குரலுக்கு வாசிப்பார். தந்திகளின் சுருதி மாறும், வில்லின் அழுத்தம் மாறும், அதே கீர்த்தனையின் பாடாந்தரமும் மாறும். ஆலாபனையில் பாடகர் ஒரு பிடியை முடிப்பதற்குள் வயலின் அதன் தடத்திலேயே வந்துகொண்டிருக்க வேண்டும். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் அந்தக் கடைசி ஸ்வரத்தை ஏந்தி நிறுத்த வேண்டும். தன் முறை வரும்போது, அவர் பாடியதைத் திருப்பிச் சொல்வதாகவும் இருக்கக்கூடாது, அவர் தொடாத உச்சத்தை முந்திக்கொண்டு தொட்டுவிடவும் கூடாது. கற்பனை ஸ்வரத்தில் அவர் சில நொடிகளுக்கு முன் யோசித்த கணக்குக்கு, அவர் முடித்த அதே கணத்தில் பதில் தயாராக இருக்க வேண்டும். தனியாக வாசிப்பவர் அடுத்து வரப்போவதைத் தாமே தீர்மானிக்கிறார். பக்கவாத்தியக்காரர் அடுத்தது என்னவென்று தெரியாத நிலையில் தீர்மானிக்கிறார். முன்னதில் வல்லவராக இருப்பவர் பின்னதிலும் வல்லவராக இருப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சாதகத்தால் விரல் பழகும். அடுத்தவர் மனசு போகும் திசையைக் காதால் பிடிக்கும் பழக்கம் தனி அறைச் சாதகத்தில் வராது.

மிருதங்கத்தின் பாடு இதைவிடக் கடினம். பாட்டு சமத்தில் எடுக்கிறதா, அரை இடம் தள்ளி எடுக்கிறதா என்பதை முதல் சொல் விழும்போதே கண்டுகொள்ள வேண்டும். பல்லவிக்கு ஒரு வாசிப்பு, அனுபல்லவிக்கு ஒரு வாசிப்பு. சங்கதிகள் அடுக்கடுக்காக ஏறும்போது கூடவே ஏறி, அறுதியில் தீர்மானம் வைத்து, சரணத்தில் தணிந்து வர வேண்டும். பாடகர் ஸ்வரம் பாடி ஒரு கோர்வை வைக்கிறார் என்று கொள்வோம். வழக்கப்படி அது மூன்று முறை வரும். மிருதங்கக்காரர் அதை வாழ்நாளில் முதல்முறையாகக் கேட்பது முதல் சுற்றில். இரண்டாம் சுற்றில் அதன் எலும்புக்கூடு பிடிபட்டிருக்க வேண்டும். மூன்றாம் சுற்றில் ஒரு சொல் பிசகாமல் கூடவே போய் எடுப்பில் விழ வேண்டும். இதற்கெல்லாம் அவருக்குக் கிடைக்கும் நேரம் சில நொடிகள். ஆலத்தூர் சகோதரர்களின் லயக் கணக்கு நிறைந்த பல்லவிகளுக்குப் பழனி சுப்பிரமணிய பிள்ளை வாசித்ததைச் சங்கீத ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். அந்தப் பல்லவிகள் அன்று மேடையில் நின்றதில் பழனியின் வலந்தலைக்கு, இல்லை, அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால் இடப்பக்கம் இருந்த வலந்தலைக்கு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அவருக்காக மேடையில் உட்காரும் வரிசையையே மாற்ற வேண்டியிருந்தது. சிலர் தயங்கினார்கள், செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றவர்கள் மாற்றிக்கொண்டார்கள்.

பக்கவாத்தியம் என்ற வேலை இசைக்கு என்ன கொடுத்தது என்பதற்கு வயலின் ஒன்றே போதுமான சாட்சி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் கையில் எடுத்தபோது அது அந்நியக் கருவி. தோளில் வைத்து நின்று வாசிக்கும் அதை, சம்மணமிட்டு உட்கார்ந்து, தலைப்பகுதி கணுக்காலில் ஊன்றி நிற்கும்படி வைத்துக்கொண்டார்கள். அப்படி வைத்ததால் இடக்கை கருவியைத் தாங்கும் வேலையிலிருந்து விடுபட்டது, தந்தியில் வழுக்கி ஓடி கமகம் பிடிக்க முடிந்தது. தந்திகளின் சுருதியை ஸ–ப–ஸ–ப என்று மாற்றினார்கள். எதற்காக? பாடும் குரலைப் பின்தொடர்வதற்காக. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் பெரிய கொட்டகைகளில் பாடகரோடு சேர்ந்து கேட்க வேண்டும் என்பதற்காகவே மைசூர் சௌடையா ஏழு தந்தி வயலினை உருவாக்கினார். இன்று தனிக்கச்சேரியில் வயலின் பாடுவதுபோல் ஒலிக்கிறது என்று வியக்கிறோமே, அந்த ஒலி பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நூறாண்டுக்கும் மேலாகக் குரலை அணைத்து வாசித்துச் சேர்த்த சொத்து. தனிக்கச்சேரி அதைச் செலவு செய்கிறது.

எது முதன்மை, எது துணை என்பது இயற்கை நியதி என்று நினைப்பவர்கள் மேற்கத்திய இசையின் கதையைக் கொஞ்சம் பார்க்கலாம். இன்று வயலின் மேதை ஒருவர் மேடையின் நடுவில் நின்று வாசிக்க, பின்னால் பியானோ முன் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவரைத் துணைக்காரர் என்று கூட்டம் எண்ணிக்கொள்கிறது. ஆனால் 1778இல் மொசார்ட் பாரிஸில் அச்சிட்ட சொனாட்டாக்களின் தலைப்பில் விசைப்பலகைக் கருவிதான் முதலில் நிற்கிறது. வயலின் அதற்குத் துணை என்று போட்டிருக்கிறது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் அதே இரண்டு கருவிகளின் இடம் தலைகீழாகிவிட்டது. கருவிகள் மாறவில்லை, கூட்டத்தின் கண்தான் மாறியது. 1803 மே மாதம் வியன்னாவில் பேத்தோவன் பியானோ வாசிக்க, ஜார்ஜ் பிரிட்ஜ்டவர் வயலின் வாசித்து ஒரு புதிய சொனாட்டாவை அரங்கேற்றினார். பின்னாளில் 'குரோய்ட்சர்' என்று பேர் பெற்றது அதுதான். பியானோவில் வந்த ஓர் ஓட்டத்தை பிரிட்ஜ்டவர் எழுதப்படாத இடத்தில் வயலினில் திருப்பி வாசித்துக் காட்ட, பேத்தோவன் துள்ளி எழுந்து அவரைத் தழுவி இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார் என்று பிரிட்ஜ்டவரே குறித்து வைத்திருக்கிறார். நம் மேடையில் 'சபாஷ்' என்று தலை திரும்பும் கணமும் இதுதான். அங்கே யார் யாருக்குத் துணை?

மேற்கிலும் இந்த இழிவு இருந்தது. ஆனால் அங்கே அதை எதிர்த்துத் தலைநிமிர்ந்து பேசியவர்கள் இருந்தார்கள். ஜெரால்ட் மூர் என்ற ஆங்கிலப் பியானோக் கலைஞர் வாழ்நாள் முழுவதும் பாடகர்களுக்கு வாசிப்பதையே தொழிலாக வைத்திருந்தார். 1943இல், பக்கவாத்தியக்காரன் என்பதில் எனக்கு வெட்கமில்லை என்று அறிவிக்கும் தலைப்போடு புத்தகமே எழுதினார். 1967 பிப்ரவரியில் லண்டனில் அவர் விடைபெற்ற நிகழ்ச்சியில் பாடியவர்கள் ஷ்வார்ட்ஸ்காப், டி லாஸ் ஏஞ்சலஸ், ஃபிஷர்-டீஸ்காவ் ஆகிய மூவர். அந்தக் காலத்தின் தலைசிறந்த மூன்று குரல்கள் ஒரு பக்கவாத்தியக்காரருக்காக ஒரே மேடையில் கூடின. இன்று நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் கூடி வாசிக்கும் பியானோவுக்கென்று தனித் துறையே இருக்கிறது. நம் பக்கத்திலும் சென்னையில் அனில் ஸ்ரீனிவாசன் பியானோவோடு சிக்கில் குருசரணின் பாட்டுக்குப் பல ஆண்டுகளாகக் கூட வாசித்துவருகிறார். ஸ்வரங்கள் கட்டைகளில் தனித்தனியாக நிற்கும் கருவி அது. கமகத்தைப் பின்தொடர அதனால் முடியாது. ஆகவே எங்கே விலகி இடம் விடுவது, எந்த ஸ்வரக் கூட்டை அடியில் விரிப்பது என்று வேறொரு கேள்வியை அவர் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கூட்டணியை விரும்பாதவர்கள் உண்டு; விரும்புவதும் விரும்பாததும் அவரவர் காது. ஆனால் அங்கே பியானோ வெறும் அலங்காரம் என்று எவரும் சொல்ல முடியாது.

மேற்கை விடுங்கள், நம் சொந்த மரபு இதில் தெளிவாகவே இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் ஆட்டத்தைச் சொல்வதற்கு முன் ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் வகுக்கும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவரின் தகுதியையும் தனித்தனியாக விரித்துச் சொல்கிறது. தண்ணுமை வாசிப்பவனைப் பற்றிச் சொல்லும்போது, மற்றவற்றின் இசை குறைகிற இடத்தில் நிரப்பவும் மிகுகிற இடத்தில் அடக்கவும் தெரிந்தவன் என்ற பொருளில் சொல்கிறது. இதைவிடத் துல்லியமான பக்கவாத்திய இலக்கணத்தை இன்றைய விமர்சகர் எவரும் எழுதியதில்லை. தில்லைக்கே வருவோம். ஆடுபவர் நடராசர் என்றால் மத்தளம் கொட்டுபவர் திருமால், தாளம் போடுபவர் பிரமன் என்பது பக்தர்களின் நம்பிக்கை. அந்தக் கச்சேரியில் எவரையும் 'குழுவினர்' என்று போட யாருக்கும் துணிவு வராது.

கோயில் பெரிய மேளத்தில் இந்தச் சமநிலை இன்னும் உயிரோடு இருக்கிறது. மார்கழித் திருவாதிரைக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகளிலும் நாதஸ்வரம் ஒலிக்கும். வாசிப்பு தொடங்குவதே தவிலின் அலாரிப்பில்தான். சாமி புறப்பாட்டுக்குரிய மல்லாரி சாகித்தியம் இல்லாதது, கம்பீர நாட்டையில் தாளக் கட்டுமானத்தின் மேல் எழுப்பப்படுவது. தவிலை எடுத்துவிட்டால் மல்லாரி என்று சொல்ல அங்கே பெரிதாக எதுவும் மிஞ்சாது. இந்த மரபுதான் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியையும் கொடுத்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத்துக்கு எவ்வளவு கூட்டமோ, நீடாமங்கலத்தின் தவிலுக்கென்றும் அவ்வளவு பேச்சு. தட்சிணாமூர்த்தியின் வாசிப்பைக் கேட்பதற்காகவே தமிழ்நாட்டுக் கோயில் விழாக்களில் மக்கள் விடிய விடிய நின்றார்கள். 'ஸ்பெஷல் தவில்' என்று தனியாகப் போட்டுப் பக்கவாத்தியக்காரரை முன்னிறுத்தும் வழக்கம் நோட்டீஸ்களில் வந்ததும் இந்த மரபில்தான். மேடையில் நடுவில் இருப்பவருக்கே கூட்டம் வரும், பக்கத்தில் இருப்பவருக்கு வராது என்பது சபா அரங்குகளில் பிறந்த எண்ணம். தேர் வீதி அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

இனி எதிர்வாதங்கள். எது பாடுவது, எவ்வளவு நேரம் பாடுவது என்பதைப் பாடகர்தானே தீர்மானிக்கிறார், பக்கவாத்தியக்காரருக்குச் சுதந்திரம் எங்கே என்று கேட்பார்கள். பாடகருக்கும்தான் எங்கே? ராகத்தின் ஆரோகண அவரோகணம், தாளத்தின் அட்சரம், தியாகையரோ முத்துத்தாண்டவரோ வகுத்து வைத்த சாகித்தியம், குருவின் பாடாந்தரம் இவ்வளவுக்கும் கட்டுப்பட்டுத்தான் அவர் பாடுகிறார். அந்தக் கட்டுக்குள் அவர் செய்வதைப் படைப்பு என்கிறோம். அதைவிட ஒரு கட்டு அதிகமாக ஏற்றுக்கொண்டு வாசிப்பவரின் வேலைக்கு மட்டும் ஊழியம் என்று பெயர் வைப்பது என்ன நியாயம்?

இரண்டாவது எதிர்வாதம் கொஞ்சம் வலுவானது. பெரிய பக்கவாத்தியக்காரர்களே தனிக்கச்சேரிக்குத்தானே போனார்கள்? துவாரம் வெங்கடசுவாமி நாயுடு போனார். லால்குடி ஜெயராமன், டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் மூவரும் போனார்கள். உண்மைதான். ஆனால் பின்னவர் மூவரும் பக்கவாத்தியத்தைக் கைவிட்டுப் போகவில்லை. நெடுங்காலம் இரண்டையும் சேர்த்தே செய்தார்கள். லால்குடியின் தனி வாசிப்பில் பாடல் வரிகளே கேட்பதுபோல் இருக்கிறது என்றால், அது முன்னணிப் பாடகர்களுக்குப் பல ஆண்டுகள் வாசித்த காதின் விளைவு. 1966இல் அவர் என். ரமணியின் புல்லாங்குழலையும் வெங்கட்ராமனின் வீணையையும் சேர்த்து அமைத்த மூவர் கூட்டணியும் கூடி வாசிக்கும் கலையின் நீட்சியே. மறுபக்கம் கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை இருக்கிறார். அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் கச்சேரிகளோடு சேர்த்தே நினைக்கப்படும் பெயர் அது. பக்கவாத்தியமாகவே பெரும் வாழ்வு வாழ்ந்தவர். 1948இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அவரைத் தனிக்கச்சேரிக்குத் தேறாதவர் என்று சொல்ல யாருக்கு நா எழும்?

விருதுகள் பாடகர்களுக்குத்தானே அதிகம் போகின்றன என்பார்கள். போகின்றன, தீர்ப்பை வழங்கியவர்கள் யார் என்றும் கேட்க வேண்டும். சென்னை மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கியது. மிருதங்கம் வாசித்த ஒருவருக்குச் சங்கீத கலாநிதி முதன்முதலாகக் கிடைத்தது 1966இல், பாலக்காடு மணி ஐயருக்கு. பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962இல் அந்த விருது இல்லாமலே மறைந்தார். இந்த இடைவெளி பழனியின் தகுதியைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்லவில்லை, தேர்ந்தெடுத்தவர்களைப் பற்றித்தான் சொல்கிறது. உண்மையான அதிகாரம் எங்கே இருந்தது என்று பார்க்க விரும்பினால் வேறொரு செய்தி இருக்கிறது, அது பெருமைக்குரியதும் அன்று. மணி ஐயர் நெடுங்காலம் பெண் பாடகர்களுக்கு வாசிக்காமல் இருந்தார்; பிற்காலத்தில் டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தபோது அது சங்கீத உலகில் பெரிய செய்தியானது. பக்கத்தில் யார் உட்கார மறுக்கிறார் என்பதை வைத்து நடுவில் இருப்பவரின் தரத்தை அன்றைய உலகம் எடைபோட்டது. அந்த அநியாயத்தைக் கண்டிக்கலாம், கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் 'துணை' ஆளுக்கு அத்தனை செல்வாக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்கு எதிர்த்தரப்பு பதில் சொல்லட்டும்.

கடைசியாக ஒன்று. சில மிருதங்கக்காரர்கள் பாடகரை அமுக்கிவிடுகிறார்கள், அதனால்தான் அடக்கி வாசிப்பவரே நல்ல பக்கவாத்தியக்காரர் என்கிறார்கள். அமுக்குகிறவர்கள் உண்டு, ஒலிபெருக்கி வந்தபின் இன்னும் கூடிவிட்டது. மைக் இல்லாமல் வாசிக்க விரும்பிய மணி ஐயரின் பிடிவாதத்தில் அர்த்தம் இருந்தது. ஆனால் இந்தக் குற்றம் பக்கவாத்தியக் கலை தெரியாததால் வருவது. அதைக் காட்டி அந்தக் கலையே சிறியது என்று முடிவு கட்ட முடியாது. சுருதி விலகிப் பாடுகிறவர்களைக் காட்டி வாய்ப்பாட்டை யாராவது தாழ்த்துகிறார்களா? வேண்டுமென்றே வராத தாளத்தில் பல்லவி எடுத்து மிருதங்கக்காரரைத் திணறவைக்கும் பாடகரும் இதே குற்றத்தைத்தான் செய்கிறார், அவருக்கு அரங்கில் கைதட்டல் கிடைக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

பக்கவாத்தியத்தைத் தாழ்த்தும் இந்தக் கோணலின் வேர், சொல்லுக்கு நாம் கொடுக்கும் அளவுக்கு மீறிய இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 1929இல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக்கல்லூரி கண்டார். 1941இல் அதே ஊரின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. மேடையில் எந்த மொழி ஒலிக்க வேண்டும் என்ற அந்தப் போராட்டம் நியாயமானது, வெற்றி பெற வேண்டியது. ஆனால் மொழியை மையமாக வைத்த எந்த விவாதத்திலும் வாய் உள்ளவரே கதாநாயகர். மொழி இல்லாத கருவிகள் அதன் பார்வையில் தாமாகவே ஓரத்துக்குப் போயின. அந்த வரலாற்றுக்குச் சொந்தமான சிதம்பரமே இந்தக் குறையைத் தீர்க்கவும் முன்வரலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உட்பட நம் இசைக்கல்லூரிகள் எல்லாவற்றிலும், வயலினும் மிருதங்கமும் பயில்கிறவர்களுக்கு இறுதித் தேர்வு ஒன்று கட்டாயம் ஆக வேண்டும். அதுவரை சந்தித்திராத ஒரு பாடகரை அழைத்து வந்து எதிரில் உட்கார வையுங்கள். உருப்படி எதுவென்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். ஒரு மணி நேரம் ஒத்திகை இல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். அதில் தேறாதவருக்குத் தனி வாசிப்பில் எத்தனை மதிப்பெண் வந்தாலும் பட்டம் கொடுக்கக் கூடாது.